தாடி மட்டும் ஏன் மசிவதில்லை?
தொப்பம்பட்டித் திருநங்கைக்கும் சென்னைத் திருநங்கைக்கும் பொதுவான கேள்வி: ஹார்மோன் மருந்தில் கைகால் ரோமம் மெலிகிறது, தாடி ஏன் மசிவதில்லை? பருவ வயதில் ஆண் ஹார்மோன் தடிக்கவைத்த தாடி வேர், பிறகு அந்த ஹார்மோன் குறைந்தாலும் பழைய பூனைமுடியாகத் திரும்பாது.

அதை நீக்க உதவும் லேசர், முடியின் கருநிறமியைச் சூடாக்கி வேரைக் கருக்குகிறது. நம் தோலிலும் அதே நிறமி. கருவி பொருந்தாவிட்டால் தோலே வெந்துவிடும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மேல்தோல் குறைவாகவே உறிஞ்சுகிறது. கருந்தோலுக்கு அது ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. அந்தந்த நேரத்தில் வளரும் கட்டத்தில் இருக்கும் முடிதான் லேசரில் சிக்கும். அதனால் மாதக்கணக்கில் பல அமர்வுகள். நரைக்கு லேசர் உதவாது, வேர்வேராக மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ராலிசிஸ்தான். கஸ்தூரி மஞ்சளா? மணக்கும், தாடி வேரை அழிக்காது.

லேசருக்குமுன் சாவணத்தால் பிடுங்காதீர்கள். வேரோடு இலக்கும் போய்விடும். மழிக்கலாம், மழித்தால் அடர்த்தியாகும் என்பது கட்டுக்கதை.