பரணில் தூங்கும் வால்வு ரேடியோ பேசுமா? தெரியுமா?

சுவிட்சைப் போட்டதும் வால்வு ரேடியோ பேசாது, தெரியுமா? உள்ளே இழை சூடேற வேண்டும். அரை நிமிடம்கூட ஆகும்! செய்திக்கு முன்னதாகவே தாத்தா எழுந்துபோய்க் குமிழைத் திருகியது இதனால்தான்!

அந்த இழைக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட். அதென்ன கணக்கு? அந்தக் காலத்துக் கார் பேட்டரியில் 3 செல்; ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். பெருக்கிப் பாருங்கள்!

வால்வின் பெயரே அதன் ஜாதகம், தெரியுமா? ஈ.சி.எல்.82 என்று இருந்தால் 'ஈ' 6.3 வோல்ட், 'சி' ட்ரையோடு, 'எல்' ஸ்பீக்கரை முழங்க வைக்கும் பென்டோடு. ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு வால்வு!

குப்பியின் உச்சியில் வெள்ளி பூசியதுபோல் மினுங்குகிறதே, அலங்காரமா? இல்லை, பேரியம்! மிச்சம் மீதிக் காற்றைத் தின்று தீர்ப்பதே அதன் வேலை. அது பால் வெள்ளையாகிவிட்டதா? காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்தது! மீட்டர் எதற்கு, கண்ணே போதும்!

நாற்பது வருடம் தூங்கிய பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகலாமா? கூடவே கூடாது! உள்ளே 250 வோல்ட் வரை டி.சி. ஓடும். மெழுகுத்தாள் கண்டென்சர்கள் வயதாகிக் கசிந்திருக்கும். ஒன்றே ஒன்று போதும், வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் காவு வாங்கிவிடும்! இதற்குப் பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு வித்தை உண்டு: சீரிஸ் பல்பு! 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடராகக் கோர்ப்பார்கள். பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். மின்னிவிட்டு மங்கினால் பிழைத்தது! இவ்வளவு மலிவான டாக்டர் வேறு யார்? ஆனால் கரண்டை நிறுத்திய பிறகும் கண்டென்சருக்குள் அடி காத்திருக்கும். டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டில் சேசிஸே ஷாக் அடிக்கலாம்! பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் கண் சிமிட்டும் 'மேஜிக் ஐ' 1935-லேயே வந்துவிட்டது! ஸ்டேஷன் சரியாகச் சிக்கினால் கண்ணின் நிழல் சுருங்கும். பாவம், வயதானால் முதலில் பார்வை மங்குவதும் அதற்குத்தான்!

இன்னொன்று தெரியுமா? வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய நாடு இது!

புது வால்வு கிடைக்குமா? ஈ.எல்.84 இன்றும் ஸ்லோவாக்கியாவில் தயாராகிறது, கிடார் ஆம்பிளிபயர்க்காரர்கள் புண்ணியத்தில்!

சரி, பெட்டி உயிர்பெற்றதும் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைத் தேடுவீர்கள்தானே? பழைய டயலில் மீட்டர் கணக்குதான் இருக்கிறதா? 416-க்குப் பக்கத்தில் முள்ளை நகர்த்துங்கள்!