கடையின் வாட்ஸ்அப் எண்ணில் தானியங்கிப் பதில்: எந்த வழி பாதுகாப்பானது?

திருவனந்தபுரம்: வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களுக்குக் கணினியே பதில் அனுப்பும் வகையில் சிறு நிரல்களை எழுதிச் சேர்க்கும் வழக்கம் பெருநிறுவனங்களைத் தாண்டிக் கடைவீதிகளையும் எட்டியுள்ளது. 'ஸ்கிரிப்ட்' எனப்படும் இந்தக் குறுநிரலை எழுதுவது கடினமன்று. நிரலாக்கம் கற்ற ஒரு கல்லூரி மாணவர் ஓரிரு நாள்களில் எழுதிவிடலாம். ஆனால், அது எந்த வழியாகச் செயலிக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தே, வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகளாக அறிந்துவைத்துள்ள கடையின் எண் நிலைக்குமா, முடக்கப்படுமா என்பது அமைகிறது.

கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்துவரும் இங்கு, தமிழும் மலையாளமும் ஒரே கல்லாவின் முன் புழங்குகின்றன. இத்தெருவில் உள்ள ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓணம் நெருங்கும் நாள்களில் விலை கேட்டும், சரக்கு கேட்டும் செய்திகள் குவியும். 'இன்றைய விலை' என்று ஒருவர் அனுப்பினால் விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்புவதும், ஆர்டரைப் படித்துக் கணக்கு ஏட்டில் பதிவதும் ஸ்கிரிப்ட்டின் வேலை.

பழைய வழக்கம், புதிய கதவு

அரட்டை மென்பொருளைப் பயனரே விரிவுபடுத்துவது புதிதன்று. 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஓய்கரினென் உருவாக்கிய ஐஆர்சி அரட்டை முறையில், வருவோரை வரவேற்கவும் வம்பு செய்வோரை வெளியேற்றவும் தானியங்கி நிரல்கள் இயங்கின. 1995இல் வெளிவந்த எம்ஐஆர்சி மென்பொருள், பயனர் தாமே ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்க்கும் வசதியால் புகழ்பெற்றது. அதன் தகவல் பரிமாற்ற விதிகள் பொதுவெளியில் இருந்ததால், நிரல் எழுத எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கி எக்ஸ்எம்பிபி என நிலைபெற்ற முறையும் அத்தகையதே. வாட்ஸ்அப்பும் தொடக்கத்தில் எக்ஸ்எம்பிபியின் மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தையே பயன்படுத்தியது. எனினும், வெளியார் எழுதும் நிரல்களுக்கு அது இடம் தரவில்லை.

வணிகர்களுக்கான அதிகாரபூர்வ வழியை வாட்ஸ்அப் 2018 ஆகஸ்ட் மாதத்தில் திறந்தது. ஏபிஐ எனப்படும் இந்த இணைப்புமுறையில், வாடிக்கையாளரின் செய்தி மெட்டா நிறுவனத்தின் சர்வரை அடைந்ததும், கடைக்காரர் பதிவு செய்துள்ள இணைய முகவரிக்கு அது தரவாக அனுப்பப்படுகிறது. அந்த முகவரியில் காத்திருக்கும் ஸ்கிரிப்ட் அதைப் படித்து, பதிலை அதே சர்வர் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. கடையின் கைபேசி அணைந்திருந்தாலும் பணி நிற்பதில்லை.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரைதான் விரும்பியவாறு பதில் அளிக்கலாம். அதன்பின், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்திகளை மட்டுமே அனுப்ப இயலும். வாடிக்கையாளரே தொடங்கும் உரையாடலுக்கான பதில்களுக்குக் கட்டணம் இல்லை. விளம்பரச் செய்திகளுக்குக் கட்டணம் உண்டு. 2025 ஜூலை 1 முதல் அது உரையாடல் கணக்கில் அன்றி, ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியே வசூலிக்கப்படுகிறது.

சர்க்கரையா, வெல்லமா?

வழி எதுவானாலும் மொழிச் சிக்கல் ஒன்றே. சாலை போன்ற இருமொழிச் சந்தையில் அது இரட்டிப்பாகும். 'கொத்தமல்லி' என்ற சொல்லின் முதலெழுத்தையே பார்க்கலாம். ஒகர உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் சேமிக்கும். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்கிரிப்ட்டுக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். எனவே, ஒப்பிடுவதற்கு முன் எல்லாச் சொற்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' என்ற படியைச் சேர்க்காவிட்டால், கொத்தமல்லி கேட்டவருக்கு 'அப்பொருள் இல்லை' என்ற பதில் போய்ச் சேரும்.

மலையாளத்தில் இது இன்னும் நுட்பமானது. சில்லெழுத்துகளுக்கு 2008இல் வெளியான யூனிகோட் 5.1 பதிப்பில்தான் தனிக் குறியீடுகள் கிடைத்தன. அதற்கு முந்தைய முறைப்படி உள்ளிடப்பட்ட சொல்லையும் புதிய முறைச் சொல்லையும் நார்மலைசேஷன் ஒன்றாக்குவதில்லை. அதற்கெனத் தனி விதியை நிரலில் எழுதியாக வேண்டும்.

எழுத்தைத் தாண்டினால் பொருளே தடுமாறுகிறது. தமிழில் சர்க்கரை என்றால் பெரும்பாலும் சீனி. மலையாளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம். சீனிக்கு அங்கே 'பஞ்சசார' என்று பெயர். இரு மொழியினரும் ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பினால், எது எந்த மொழி என்பதை ஸ்கிரிப்ட் அறியாது. கடையில் நிற்கும் பணியாளர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதை, நிரல் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐயம் எழும் இடத்தில் 'சீனியா, வெல்லமா?' என ஒரு வரி கேட்குமாறு எழுதுவது, தவறாக ஏற்றப்பட்ட மூட்டையைத் திருப்பி எடுப்பதைவிட எளிது.

குறுக்குவழியின் விலை

ஏபிஐ வழியின் பதிவு நடைமுறைகளைத் தவிர்க்க விரும்புவோர் நாடுவது இரண்டாவது வழி. கணினியில் வாட்ஸ்அப் வெப்பை இணைப்பது போலவே கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, ஸ்கிரிப்ட்டைக் கணக்கின் 'இணைக்கப்பட்ட சாதனங்களில்' ஒன்றாகச் சேர்த்துவிடுவர். இதற்கு உதவும் 'பெய்லிஸ்' போன்ற திறமூல நிரல் தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை வாட்ஸ்அப் அங்கீகரித்தவை அல்ல.

தானியங்கி முறையிலும் மொத்தமாகவும் செய்தி அனுப்பி விதிகளை மீறுவோர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படலாம் என 2019 டிசம்பர் 7 முதலே அந்நிறுவனம் எச்சரித்து வருகிறது. தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அது வெளியிட்ட மாதாந்திர அறிக்கையில், 2025 ஜனவரியில் மட்டும் இந்தியாவில் 99 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. அவற்றுள் மோசடிக் கணக்குகளும் அடங்கும் என்றாலும், ஒரு கணக்கை விதிமீறலாகக் கருதும்போது அதன் பின்னே இருப்பது பழைய மளிகைக் கடையா என்று தானியங்கிக் கண்காணிப்பு பார்ப்பதில்லை. எண் முடங்கினால், அதில் நடந்த உரையாடல்களும் வாடிக்கையாளர்களுடனான தொடர்பும் கைவிட்டுப் போகும்.

முடக்கத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பெய்லிஸைப் போலவே செயல்பட்ட 'லோட்டஸ்பெய்ல்' என்ற தொகுப்பு, பயனர்களின் செய்திகளையும் தொடர்பு எண்களையும் திருடி வந்ததை 'கோய் செக்யூரிட்டி' என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025 டிசம்பரில் வெளிப்படுத்தியது. அதற்குள் அது 56,000 முறைக்கு மேல் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தது. அத்தொகுப்பு சொன்ன வேலையைச் சரியாகவே செய்ததால், எவருக்கும் ஐயம் எழவில்லை. மேலும், தாக்குதல் நடத்தியவரின் சாதனத்தையும் அது பயனரின் கணக்கில் ரகசியமாக இணைத்துவிடும். நிரலை நீக்கிய பின்னரும் அந்த இணைப்பு நீடிக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, அறியாத சாதனத்தைத் துண்டித்தால்தான் அது முடிவுக்கு வரும்.

இதற்கிடையே, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று பிறப்பித்த உத்தரவு இந்தக் குறுக்குவழியை மேலும் இடுக்கமாக்குகிறது. செய்திச் செயலிகள், பதிவு செய்யப்பட்ட சிம் அட்டை கைபேசியில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும்; வெப் இணைப்புகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே வெளியேற்றப்பட வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. இதற்கு 90 நாள் அவகாசம் அளிக்கப்பட்டது. இணைய மோசடிகளைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால், வெப் இணைப்பை நம்பி இரவு முழுவதும் இயங்கும் ஸ்கிரிப்ட்டுக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய நேர்ந்தால் அது தானியங்கி ஆகாது.

மாற்று வழிகள்

டெலிகிராம் 2015 ஜூன் மாதத்திலேயே பாட் எனப்படும் தானியங்கிக் கணக்குகளுக்கு வழிவிட்டது. 'பாட்ஃபாதர்' என்ற கணக்கிடம் பெயர் சொல்லிக் கேட்டால் ரகசியக் குறியீடு ஒன்று கிடைக்கும். அதைக் கொண்டு எழுதத் தொடங்கிவிடலாம். கட்டணம் இல்லை, கடையின் சொந்த எண்ணுக்கு ஆபத்தும் இல்லை. பயனர் முதலில் பேசாதவரை பாட் தானாகப் பேச்சைத் தொடங்க இயலாது என்பது நல்ல தடுப்பு. ஆயினும், வாடிக்கையாளர்கள் இருக்கும் இடத்தில்தான் கடை இருக்க முடியும். மளிகைக் கடைகளின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் உள்ளனர்.

செயற்கை நுண்ணறிவைச் சேர்க்க விரும்புவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டியுள்ளது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் பொதுப்பயன் சாட்பாட்டுகளை 2026 ஜனவரி 15 முதல் தனது வணிகத் தளத்தில் அனுமதிப்பதில்லை என வாட்ஸ்அப் விதியை மாற்றியது. விலையும் இருப்பும் சொல்லும் கடையின் சொந்த பாட்டுக்கு இத்தடை பொருந்தாது.

நாளொன்றுக்குச் சில பத்து ஆர்டர்கள் மட்டுமே வரும் கடைக்கு இவை எதுவும் தேவைப்படாமலும் போகலாம். 2018 முதல் கிடைக்கும் இலவச வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே வரவேற்புச் செய்தி, கடை மூடிய நேரத்துக்கான தானியங்கிப் பதில், சேமித்து வைத்த விரைவுப் பதில்கள், படத்துடன் கூடிய பொருள் பட்டியல் ஆகியவை உள்ளன. இவற்றை அமைக்க ஒரு வரி நிரலும் எழுத வேண்டியதில்லை.