கச்சானில் வளரும் பங்கசும் அது விட்டுச்செல்லும் நஞ்சும்

திருவிழாக் காலங்களில் கோயில் வீதியோரக் கடைகளில் மணலில் வறுத்த கச்சானையும் கச்சான் அல்வாவையும் நீங்கள் வாங்கி உண்டிருப்பீர்கள். எப்போதாவது ஒரு கோதை உடைத்தபோது, உள்ளே விதை சுருங்கி, அதன் மேல் பச்சை கலந்த மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்ததை அவதானித்திருக்கவும் கூடும். அத்தூள் பங்கசு ஒன்றின் வித்திகளாகும். உணவு பழுதடைதல் பற்றிக் கற்கும்போது இப்பங்கசைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இது உணவைப் பழுதாக்குவதோடு நின்றுவிடாது, அதில் நஞ்சையும் சேர்க்கின்றது.

இந்நஞ்சு கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுள் இறந்தன. காரணம் புலப்படாமையால் இது "வான்கோழி எக்ஸ் நோய்" என அழைக்கப்பட்டது. இறந்த பறவைகளின் ஈரல் பழுதடைந்திருந்தது. ஆனால் நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. இறுதியில், பிறேசிலிலிருந்து தீனிக்காக இறக்குமதி செய்யப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் எனத் தெரியவந்தது. அதில் அஸ்பர்ஜில்லஸ் பிளாவஸ் என்னும் பங்கசு வளர்ந்திருந்தது. சாதிப் பெயரின் முதலெழுத்து, இனப் பெயரின் முற்பகுதி, நஞ்சு எனப் பொருள்படும் தொக்சின் என்னும் சொல் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்நஞ்சுக்கு அபிளாதொக்சின் என்ற பெயர் உண்டாயிற்று.

இதில் பல வகைகள் உள்ளன. கழியூதா ஒளியில் நீலமாக ஒளிர்பவை பீ எனவும், பச்சையாக ஒளிர்பவை ஜீ எனவும் குறிக்கப்படும். பீ1 என்பதே மிகக் கொடியது. இந்நஞ்சைச் சிறு சிறு அளவில் நீண்ட காலம் உட்கொள்வோருக்கு ஈரற் புற்றுநோய் ஏற்படலாம். ஈரலழற்சி பீ வைரசுத் தொற்று உள்ளவரில் இவ்வாபத்து பல மடங்காகும்.

கச்சான் ஏன் இப்பங்கசுக்கு எளிதில் இலக்காகின்றது? கச்சான் காய்கள் மண்ணினுள்ளே முதிர்கின்றன. பங்கசும் மண்ணிலேயே வாழ்கின்றது. காய் முதிரும் காலத்தில் வறட்சி ஏற்பட்டாலோ பூச்சிகள் கோதைத் துளைத்தாலோ பங்கசு வயலிலேயே உட்புகுந்துவிடும். பிடுங்கிய காய்களில் நீர் மிகுதியாக இருக்கும். ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக்குக் கீழ் வரும்வரை அவற்றை விரைவாக உலர்த்த வேண்டும். மழை நாளில் அரைகுறையாக உலர்த்திச் சாக்கில் கட்டி, சீமெந்துத் தரையில் அடுக்கி வைத்தால் பங்கசுக்கு வேறென்ன வேண்டும்! சூடும் ஈரமும் மிக்க எமது காலநிலையே அதற்கு உகந்தது.

இனி, மாணவர் பலர் புள்ளிகளை இழக்கும் ஒரு வினாவைப் பார்ப்போம். "நன்கு வறுத்த கச்சானில் உயிருள்ள பங்கசு இல்லை. எனவே அது பாதுகாப்பானது. இக்கூற்றுடன் நீர் உடன்படுகின்றீரா?" உடன்படுவதாக எழுதுவது தவறாகும். வறுக்கும் வெப்பத்தில் பங்கசு இறக்கும் என்பது உண்மையே. ஆனால் அபிளாதொக்சின் ஓர் உயிரியன்று. அது பங்கசு சுரந்த ஓர் இரசாயனப் பதார்த்தமாகும். ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேலேயே அது முற்றாகச் சிதையத் தொடங்கும். வறுக்கும்போது ஒரு பகுதி குறையலாம். எஞ்சியது கச்சானிலேயே இருக்கும். நுண்ணங்கியைக் கொல்லுதல் வேறு, அது விட்டுச்சென்ற நஞ்சை அகற்றுதல் வேறு என்பதை விடையில் தெளிவாக எழுதுங்கள்.

பற்றீரியாக்களின் நிலை வேறு. அவை பெரும்பாலும் வறுத்த பின்னரே வந்து சேர்கின்றன. கழுவாத கைகள், ஈக்கள், வீதித் தூசு, பழைய கொப்பித் தாளில் செய்த சுருள் என்பன இதற்கு வழியாகின்றன. (உங்கள் அண்ணாவின் கணக்குக் கொப்பிகூட ஒருநாள் அவ்வாறு கடைக்குப் போயிருக்கலாம்.) உலர்ந்த கச்சானில் பற்றீரியாக்கள் பெருகமாட்டா. எனினும் சல்மொனெல்லா போன்றவை கொழுப்பு மிக்க உலருணவில் மாதக்கணக்கில் உயிர்வாழும். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் நிலக்கடலை வெண்ணெய் மூலம் இது பரவியதால் 700 இற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒன்பது பேர் இறந்தனர். அவித்த கச்சானில் நீர் அதிகமாதலால் பற்றீரியாக்கள் அதில் விரைவாகப் பெருகும். காலையில் அவித்ததை மறுநாள் உண்பது நல்லதன்று.

அபிளாதொக்சினுக்கு நிறமோ மணமோ இல்லை. எனினும் ஒரு சாக்குக் கச்சானிலுள்ள நஞ்சின் பெரும்பகுதி, பழுதடைந்த சில விதைகளிலேயே செறிந்திருக்கும். ஆகவே சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த விதைகளைப் பொறுக்கி எறிவதால் நஞ்சின் அளவு பெரிதும் குறையும். விதையைக் கழுவியோ, பூஞ்சணத்தைத் துடைத்தோ உண்பதால் பயனில்லை. கோதுடன் உள்ள கச்சானை உடைக்கும்போது உங்கள் கண்ணே இத்தெரிவைச் செய்துவிடும். இடித்துச் சீனிப்பாகிலோ சர்க்கரையிலோ சேர்த்த பின்னர் நல்ல விதையையும் கெட்ட விதையையும் எவராலும் பிரித்தறிய முடியாது. அல்வா செய்பவர் இடிப்பதற்கு முன்னரே பொறுக்கியிருக்க வேண்டும்.