பழைய டிராக்டர் என்ஜினைப் புதுப்பித்து இழுவைச் சக்தி பெறும் விதம்

"அகல உழுவதினும் ஆழ உழு" என்பது பெரியோர் வாக்கு. விருத்தாசலம் தாலுகாவில் நிலக்கடலையும் முந்திரியும் பயிராகும் செம்மண் நிலங்கள் கோடையில் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடுகின்றன. மழை பெய்த பின்னர் ஈரம் காய்வதற்குள் உழவு முடிதல் வேண்டும். அச்சமயம் பழைய டிராக்டர் கலப்பையை இழுக்கமாட்டாமல் நின்றுவிடுமாயின், ஒரு பட்டத்து விதைப்பே தவறிப்போகும். ஆகையால் பழைய என்ஜினின் சக்தியைக் கூட்ட வழியுண்டா என்று குடியானவர்கள் கேட்பது இயல்பே. வழி உண்டு, ஆயினும் குறை எங்கே உள்ளதென்று முதலில் அறியாமல் பணத்தைச் செலவிடுவது, நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துண்பதை ஒக்கும்.

என்ஜினின் அளவு

சென்னையில் 1960ஆம் வருஷத்தில் டாஃபே கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது முதல் மாஸ்ஸி பெர்குஸன் இனத்து டிராக்டர்கள் நம் நாட்டு உழவருக்கு நன்கு பழக்கமாயின. அவ்வினத்தில் பேர்பெற்ற 35 என்னும் மாதிரியில் பொருத்தப்பட்ட பெர்கின்ஸ் ஏ3.152 என்னும் டீசல் என்ஜினை உதாரணமாகக் கொள்ளலாம். இதில் 3 சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் விட்டம் 3.6 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 5 அங்குலம். மூன்றின் கொள்ளளவும் சேர்ந்து 152 கன அங்குலத்துக்குச் சற்று அதிகம். பெயரிலுள்ள எண் இதனையே குறிக்கும். புதிதாயிருக்கையில் இது சுமார் 37 குதிரை சக்தி தரவல்லது. தேய்ந்த என்ஜின் இந்த அளவை இழந்துவிடுகிறது. புதுப்பித்தல் என்பது இழந்ததைத் திரும்பப் பெறுவதேயன்றி, இல்லாததைப் புகுத்துவதன்று.

குறையை அறிதல்

கலப்பையை இறக்கி உழும்போது கவனிக்கவேண்டியது ஒன்றே. என்ஜினின் ஓசை தாழ்ந்து, வேகம் குறைந்து, வண்டி நின்றால் குறை என்ஜினில் உள்ளது. என்ஜின் தளராமல் ஓடியும் பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றால் குறை சக்கரத்தின் பிடிப்பில் உள்ளது.

பின்சக்கர டயரில் சுண்ணாம்பினால் ஒரு கோடிட்டு, கலப்பை மண்ணில் படாதபடி தூக்கிக்கொண்டு 10 சுற்றில் செல்லும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே 10 சுற்றுக்கு அளக்க வேண்டும். முதலில் 40 மீட்டரும் பின்னர் 34 மீட்டரும் வருமாயின் வழுக்கல் நூற்றுக்கு 15 ஆகும். இவ்வளவு பொறுக்கத்தக்கது. 30 மீட்டரே வந்தால், நாலில் ஒரு பங்கு எண்ணெயும் டயரும் வீணாகின்றன என்று கொள்க.

இதன் காரணம் கணக்கிலேயே விளங்கும். கலப்பையின் பாரத்தையும் சேர்த்துப் பின்சக்கரங்களின்மேல் 1,200 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். உழவு நிலத்தில் அதில் ஏறக்குறையப் பாதியளவே, அதாவது 600 கிலோ இழுவையே, சக்கரம் தாங்கும். மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வளவையும் இழுப்பதற்கு வேண்டுவது 10 குதிரை சக்தியே. கியரிலும் மண்ணிலும் உண்டாகும் நஷ்டத்துக்கென்று அதே அளவைச் சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது. இத்தகைய நிலையில் என்ஜினுக்கு 50 குதிரை சக்தி ஊட்டினும் சக்கரம் அதிகமாய்ச் சுழலுமேயன்றி, கலப்பை அதிகமாய் நகராது.

இதற்குப் பரிகாரம் சுலபமானது. தேய்ந்த டயரை மாற்றுதல், டயர்க் குழாயில் முக்கால் பங்கு நீர் நிரப்புதல், சக்கரத்தில் வார்ப்பிரும்பு எடை பூட்டுதல், காற்றை டயர் செய்தோர் குறித்த அளவில் வைத்தல் ஆகியவை போதும். நஞ்சைச் சேற்றில் மட்டும் கூடுதல் பாரம் சக்கரம் புதைவதற்கு ஏதுவாகும். அங்கே எடையைக் கழற்றிவிட வேண்டும்.

புதுப்பிக்கும் முறை

குறை என்ஜினில்தான் என்று தெரிந்தாலும் உடனே அதனைப் பிரிக்க வேண்டுவதில்லை. செம்மண் தூசி எண்ணெய்த் தொட்டிக் காற்று வடிகட்டியை அடைத்திருக்கலாம். டீசல் வடிகட்டி அழுக்கேறியிருக்கலாம், வால்வு இடைவெளி மாறியிருக்கலாம், நாஸில் சொட்டலாம். இவற்றைச் சரிசெய்த பின்னும் நீலப்புகை வந்து, எண்ணெய் குறைந்து, கம்பிரஷன் தாழ்ந்திருந்தால் மட்டுமே என்ஜினைப் பிரிக்க வேண்டும்.

பிரித்தபின் சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தேய்வு மிகுந்திருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றவேண்டும். தேய்ந்த லைனரில் புது ரிங் போடுவது பழைய கந்தையில் புதுத் துணி ஒட்டுவதாகும். கிராங்க் ஷாப்டின் கழுத்துகள் முட்டைவடிவாகத் தேய்ந்திருந்தால் சாணை பிடித்து, அதற்கேற்ற குறைஅளவு பேரிங்குகளைப் பொருத்த வேண்டும். வால்வுகளை அரைத்து அமர்த்தி, ஹெட்டின் மட்டத்தைச் சோதித்து, போல்ட்டுகளைச் செய்தோர் கூறிய முறைப்படியும் அளவின்படியும் இறுக்க வேண்டும்.

பம்பைத் திருகுதல்

சில பட்டறைகளில் இவ்வளவு சிரமமின்றி, டீசல் பம்பின் திருகைத் திறந்து எண்ணெயை அதிகமாக விட்டுச் சக்தி கூட்டுவதுண்டு. சில நாள் வண்டி நன்றாக இழுப்பதாகத் தோன்றும். பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் இதனை விளக்குவது எளிது. சூளையில் காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் சென்றால் புகைபோக்கியில் கரும்புகை எழும், எண்ணெய் வீணாகும். என்ஜினும் அவ்வாறே. சிலிண்டர் கொள்ளும் காற்றுக்கு ஓர் அளவுண்டு. அதற்கு மேற்பட்ட எண்ணெய் முழுதும் எரியாது. வெப்பம் ஏறி, பிஸ்டனும் ஹெட்டும் பழுதாகும். கழுவுண்ட எண்ணெய் ரிங்குகளை அரிக்கும். கியரும் பின்அச்சும் பழைய அளவுக்கே செய்யப்பட்டவையாதலால் அவையும் முறியக்கூடும். ஆகவே பம்பைச் சோதனை மேடையில் வைத்து, செய்தோர் குறித்த அளவுக்கே திருத்துதல் முறை.

பழக்கிவிடுதல்

புதுப்பித்த என்ஜினுக்கு முதல் 50 மணி நேரம் முழுப்பாரம் கொடுக்கலாகாது. வெறுமனே நெடுநேரம் ஓடவிடுவதும் தீது. இலேசான பரம்படித்தல், காலி டிரெயிலர் இழுத்தல் போன்ற வேலைகளில் பழக்கி, பிறகு எண்ணெயை மாற்றி, ஹெட் போல்ட்டையும் வால்வு இடைவெளியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்குமாதலால், உழவுப் பருவம் வருமுன்னரே வேலையை முடித்துக்கொள்வது விவேகம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைத்தல் கூடாது. பழைய உறுப்புகளுக்குப் பதில் அதே அளவுப் புது உறுப்புகள் பொருத்துவதில் இடைஞ்சல் இல்லை. ஆனால் வேறு என்ஜின் வைத்தாலும், பிளாக் மாறி என்ஜின் எண் மாறினாலும், பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால் பின்னர் விற்பனையிலும் விபத்து நஷ்டஈட்டிலும் சங்கடம் நேரும்.

ஆழ உழவு வருஷத்தில் ஒரு முறையே தேவைப்படுவோர், அதற்காக என்ஜினில் பெருந்தொகை போடுவதைவிட, வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு அமர்த்தலாம். மற்றவர்கள் சுண்ணாம்புக் கோட்டுச் சோதனையைச் செய்துபார்த்து, பட்டறைச் செலவையும் வாடகையையும் ஒப்பிட்டுக் கணக்கெழுதி, அதன்பின் தீர்மானிப்பார்களாக.