தீவு மருத்துவரும் தொடர் கல்வியும்

மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவேட்டில் பெயர் பதிந்துகொண்ட ஒருவர், அதன்பின் நாற்பது ஆண்டுகள் தொழில் நடத்தக்கூடும். அவர் கற்ற பாடங்களுள் சில அதற்குள் பழையனவாகும். சில பிழையெனவே தள்ளப்படும். ஆகவே, மருத்துவர் மேன்மேலும் கற்றுவருகிறாரா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு.

இதன் அவசியத்தை அந்தமான் தீவுகள் நன்கு உணர்த்துகின்றன. 1988 முதல் மழைக்காலம் கழிந்ததும் அங்கே ஒரு காய்ச்சல் தோன்றி, நுரையீரலில் இரத்தக்கசிவை உண்டாக்கி உயிர்களைக் கொண்டுசென்றது. காரணம் புலப்படாமையால் ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே அதனை வழங்கினர். போர்ட் பிளேரில் 1983-இல் நிறுவப்பெற்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நிலையத்தார் 1990-களில் ஆராய்ந்து, அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், எனக் கண்டனர். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் இந்நோய்க்குப் பெனிசிலின் போன்ற மருந்துகள் உண்டு; ஆயின், நோயை ஐயுற்றுக் காலந் தாழ்த்தாது தொடங்க வேண்டும். முன்னரே பட்டம் பெற்றுவிட்ட மருத்துவர் இதனைப் பின்னர்த் தேடிக் கற்றாலன்றி, வயலிலிருந்து காய்ச்சலோடு வரும் உழவரை எங்ஙனம் காப்பாற்றுவார்?

இனி, விதியைக் காண்போம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் கல்விக் கூட்டங்களில் பங்குகொள்ள வேண்டும் எனக் கூறுகின்றன. டெல்லி, மஹாராஷ்டிரம், பஞ்சாப் முதலிய இடங்களின் மருத்துவக் கவுன்சில்கள், ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கையில் இதற்குரிய புள்ளிகளைக் கேட்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ஆம் நாள் வெளியிட்ட புதிய ஒழுக்க விதிகள் அதே மாதம் 23-ஆம் நாள் நிறுத்திவைக்கப்பட்டமையால், 2002-ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. பிரிட்டனிலும் 2012 முதல் மருத்துவர்தம் தகுதி ஐந்தாண்டுக்கொருமுறை மறுபடி உறுதிசெய்யப்படுகிறது.

ஐந்தாண்டில் 30 மணி என்பது ஆண்டுக்கு 6 மணியே. நகர மருத்துவருக்கு இஃது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் செல்லவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடாவோ இன்னும் தெற்கே வெகுதொலைவில் உள்ளது. அத்தகைய இடத்து மருத்துவர் கூட்டத்திற்குப் புறப்பட்டால், மாற்று மருத்துவர் வரும்வரை நோயாளிகள் காத்திருக்க நேரும். கற்காவிடினும் தீங்கு, கற்கப் போயினும் தீங்கு என்பதே தீவின் இக்கட்டு.

இதனைத் தணிக்கும் வழிகள் இரண்டு தோன்றியுள்ளன. 2015-இல் போர்ட் பிளேரில் மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் இடப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடம் திறந்துவைக்கப்பட்டது. அது கிரேட் நிக்கோபார்வரை எட்டுகிறது. விரிவுரையை இருந்த இடத்திலேயே கேட்க இது துணைசெய்யும். எனினும், நோயாளியின் படுக்கையருகே மூத்தோரிடம் கற்கவேண்டியதைத் திரையில் மட்டும் கற்றுவிட இயலாது. ஆதலின், விதியை வற்புறுத்தும் அரசு, மாற்று மருத்துவரையும் அனுப்பி வைத்தல் வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. மருத்துவர் ஒருவர் பதிவு பெற்றவரா என்பதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் யாவரும் பார்க்கலாம். தம் மருத்துவர் பயிற்சிக்காகச் சில நாள் வெளியூர் சென்றிருப்பதாக அறிந்தால், அதனைக் குறையாகக் கருதாமல், தம் நலத்தின்பொருட்டே சென்றுள்ளார் என்று கொள்வோமாக.