இராஜதந்திரத்தின் வளர்ச்சியும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

நவீன இராஜதந்திரத்தின் வரலாற்றை ஆராயும் நூல்கள் பெரும்பாலும் ஒரு முன்னேற்றக் கதையையே கூறுகின்றன. அரசவைகளின் இரகசிய உடன்படிக்கைகள் மறைந்து, மக்கள் அறிய நிகழும் ஒப்பந்தங்கள் தோன்றின என்பதே அக்கதை. 1917 இல் போல்ஷெவிக் அரசு ஜார் ஆட்சியின் இரகசிய உடன்படிக்கைகளை அம்பலப்படுத்தியது. 1918 இல் வில்சன் தமது பதினான்கு அம்சங்களுள் முதலாவதாகப் பகிரங்க உடன்படிக்கையை வைத்தார். 1961 இல் வியன்னா உடன்படிக்கை இராஜதந்திர உறவுகளுக்குப் பொது விதிகளை வகுத்தது. இம்மாற்றங்களை நாம் மறுக்கவில்லை. ஆயின், பகிரங்கமானது என்பதனாலேயே ஓர் ஒப்பந்தம் மக்கள் சார்பானதாகிவிடுமா? இவ்வினாவைப் பதுளை மாவட்டத் தோட்டங்களை முன்வைத்து எழுப்புதல் பயனுடையது.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்குரிமையைப் பறித்தன. தேயிலைப் பொருளாதாரத்திற்குத் தொழிலாளியின் உழைப்பு தேவைப்பட்டது. ஆளும் வர்க்கத்திற்கு அவனது வாக்கு அச்சமூட்டியது.

வாக்கிழந்தோர் பின்னர் இரு அரசுகளின் பேரப்பொருளாயினர். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரை நாடற்றோராகக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எழுவருக்கு நால்வர் என்பதே விகிதம். எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பகிர்ந்தது.

இங்கே மறைக்கப்பட்டது எதுவுமில்லை. அணிசேரா நாடுகள் இரண்டு, நட்புறவுடன், உலகறியச் செய்த உடன்பாடு இது. எனினும், எண்ணிக்கை முதலில் தீர்மானிக்கப்பட்டது. மக்களின் விருப்பம் அதன் பின்னரே கேட்கப்பட்டது. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டோர் ஒதுக்கப்பட்ட தொகையை விஞ்சினர். இந்தியப் பிரஜாவுரிமை கேட்டோர் அதற்குக் குறைவாயினர். பசறையிலும் லுணுகலையிலும் லயன் அறைகளிற் பிறந்தோர், தாம் கண்டிராத நாட்டுக்குத் ‘திரும்பி’ச் செல்வோராயினர்.

பதுளையிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதத்தில், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் என அப்பயணம் அமைந்தது. ஒரு காலத்தில் இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்த மண்டபம் முகாமே, பின்னர் திரும்பியோரையும் ஏற்றது. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்று ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயர் பெற்றுள்ளது. ஒப்பந்த ஆவணத்தில் எண்ணாக நிற்கும் மனிதர், அப்பெயரில் அழுகுரலாக ஒலிக்கின்றனர். இராஜதந்திரத்தைக் கற்போர் இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

மார்க்சியர் என்ற வகையில் நாம் எம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்புதல் நேர்மையாகும். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. ஆனால் லங்கா சமசமாஜக் கட்சி 1964 ஜூனில் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது; அவ்வரசாங்கமே ஒக்டோபரில் ஒப்பந்தத்தைச் செய்தது. 1974 ஒப்பந்தத்தின்போது அக்கட்சியுடன் கம்யூனிஸ்ட் கட்சியும் அரசாங்கத்தில் இருந்தது. வர்க்க ஒருமைப்பாடு அரச நலனுக்கு வழிவிட்ட வரலாறு இது.

2003 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமை வழங்கற் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் உரிமை வழங்கியது. அவர்களை அகற்ற முடிவுசெய்த நாளே, அவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தமைக்கு அளவுகோலாயிற்று. அதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

ஆகவே, இராஜதந்திரத்தின் வளர்ச்சியை ஆவணங்களின் பகிரங்கத்தன்மை கொண்டு மட்டும் அளத்தல் போதாது. எவரைப் பற்றிப் பேசப்படுகிறதோ, அவருக்கு அப்பேச்சுவார்த்தையில் இடமிருந்ததா என்பதே முதன்மையான வினாவாகும்.