வரி மாறினால் எத்தனை இடத்தில் திருத்துவது?

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியதை வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்புக் கட்டி 18-லிருந்து 5 ஆயின. திரவ சோப்பு மட்டும் 18-லேயே நின்றது. அன்று கடை திறந்ததும் முதல் பில்லே புதிய விகிதத்தில் வந்தாக வேண்டும். இதை ஒரே பதிவில் முடித்துவிடும் மென்பொருளும் உண்டு. எழுதியவரையே தேடிப் போக வைக்கும் மென்பொருளும் உண்டு. இந்த வேறுபாட்டைத்தான் கணிப்பொறித் துறையினர் 'டிக்ளரேடிவ்' முறை என்ற பெயரில் பேசுகிறார்கள்.

பெயர்தான் புதிது, விஷயம் நமக்குப் பழக்கமானது. கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரும் வாடிக்கையாளர் நீட்டும் மளிகைப் பட்டியலில் உளுந்து 2 கிலோ, சர்க்கரை 3 கிலோ என்றுதான் இருக்கும். எந்த மூட்டையைப் பிரிப்பது, எந்தத் தராசில் நிறுப்பது என்று அவர் எழுதுவதில்லை. என்ன வேண்டும் என்பது அவர் பொறுப்பு. எப்படிக் கட்டுவது என்பது நம் பொறுப்பு. இதுவே டிக்ளரேடிவ். மாறாக, புதிதாகச் சேர்ந்த பையனிடம் "குடோனுக்குப் போ, இடப்பக்கம் இரண்டாவது அடுக்கு, மேல் மூட்டை" என்று படிப்படியாகச் சொல்வது மற்றொரு முறை. அடுக்கை மாற்றி வைத்த அன்று பையன் வேறு சரக்கோடு வந்து நிற்பான்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. நம்மில் பலர் கணக்கு எழுதும் டாலி, 1986-இல் பெங்களூரில் ஒரு வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்தது. ஆலைகளுக்குக் கச்சாப் பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தமக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். அதன் உள்மொழியின் பெயரே டாலி டெஃபினிஷன் லாங்குவேஜ், அதாவது வரையறை மொழி. பில்லின் அமைப்பை மாற்ற, படிவம் எது, அதில் பகுதிகள் எவை, எந்தக் கட்டத்தில் எது வரவேண்டும் என்று வரையறுத்தால் போதும். திரையில் காட்டுவதும் தாளில் அச்சிடுவதும் டாலியின் வேலை.

வரி விகிதமும் அப்படித்தான். சரக்கின் விவரத்தில் 'செப்டம்பர் 22 முதல் 5' என்று ஒருமுறை பதிந்தால், 21-ஆம் தேதி பில் பழைய விகிதத்திலும் 22-ஆம் தேதி பில் புதியதிலும் தானே வரும். விகிதத்தைக் கட்டளைகளுக்குள்ளேயே புதைத்து எழுதிய புரோகிராமில் பில், சரக்குத் திரும்பல், மாத அறிக்கை என்று ஒவ்வொரு இடமாகத் தேடவேண்டும். ஒன்று விட்டுப்போய்க் கூடுதல் வரி வசூலாகிவிட்டால், அதை அரசுக்குக் கட்டியே தீரவேண்டும். வாடிக்கையாளரின் வசவு தனி.

தானியங்கி முறையிலும் எச்சரிக்கை தேவை. 'சோப்பு' என்ற ஒரே தலைப்பில் கட்டியையும் திரவத்தையும் சேர்த்து 5 என்று பதிந்துவிட்டால், அந்தத் தவறும் ஒவ்வொரு பில்லிலும் தானாகவே நடக்கும். இருப்பு பத்து மூட்டைக்குக் கீழே போனால் ஆர்டர் பட்டியலில் காட்டு என்று சொல்லி வைக்கலாம். ஆனால் மலைப் புளி இறங்கும் பருவம் கணிப்பொறிக்குத் தெரியாது; அந்த எண்ணை நாம்தான் பருவம் பார்த்து மாற்றவேண்டும்.

புதிதாக மென்பொருள் வாங்குவோர், விற்க வருபவரை நம் எதிரிலேயே ஒரு சரக்குக்கு அடுத்த மாதம் முதல் வேறு விகிதம் பதியச் சொல்லி, இரு தேதிகளுக்கும் பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்போர், பில்லில் வரி வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு விலை பேசலாம்.